பன்னிரண்டு ஊர்களும் ஒரு நூல்முடிச்சும்

முருகன் துணை

ராயபுரம், திருப்பூர்
11-3-1971

அன்புத் தம்பி கந்தவேலுக்கு அக்கா கமலாம்பாள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன் இருமல் நின்றதா? பம்பாய்க் கடல் காற்று உனக்கு ஆகவில்லை என்று எத்தனை தரம் சொல்வது?

நீ அனுப்பிய உங்கள் கம்பெனியின் மாத மலர் வந்து சேர்ந்தது. "அவசியம் படிக்கவும், எப்படி இருக்கிறது என்று எழுதவும்" என்று பென்சிலில் குறித்திருந்தாய். எனக்கு இங்கிலீஷ் ஏது? மருதாசலம் வாத்தியாரை வரச் சொல்லிக் காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். தையல் மிஷின்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். கி.பி. இரண்டாயிரத்தில் உலகமே பேசப் போகிற பன்னிரண்டு நகரங்களாம். சிங்கப்பூர், ஹாங்காங், சியோல், ஜகார்த்தா, குவைத், டெஹ்ரான், நைரோபி, லாகோஸ், சாவோ பாவ்லோ, மெக்சிகோ, டொராண்டோ, கடைசியில் பம்பாய். வாத்தியார் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "அவ்வளவுதானுங்களா?" என்று நம் தையல்காரி பெரியாத்தாள் கேட்டாள். "அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நீ பம்பாய்க்குப் போகும்போது நம் ஊட்டுப் பின்கட்டில் மூன்று மிஷின் ஓடியது. இப்போது ஏழு ஓடுகிறது. தண்டாயுதபாணி கம்பெனியில் துணியை வெட்டி அனுப்புகிறார்கள், நாங்கள் பனியனாகத் தைத்துக் கொடுக்கிறோம். எங்களைப் போலத் தெருவுக்கு நாலு ஊடு. இந்தப் பன்னிரண்டு ஊர்க்காரர்களும் சட்டைக்குள்ளே என்ன போடுகிறார்கள், வெறும் உடம்போடா திரிகிறார்கள்? இதை எழுதின மகராசன் பனியன் போடுகிறவனா இல்லையா? போடுகிறவன் என்றால் தன் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு, அது எந்த ஊர்ச் சரக்கு என்று முதலில் பார்க்கட்டும். அப்புறம் பட்டியல் போடட்டும். அவன் கையை ஒடிக்கணும் கண்ணு, சத்தியமாகச் சொல்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குப் போகிறேன். உன் பேருக்கு அர்ச்சனை செய்து திருநீறு அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு, உன் மேல் கோபமில்லாத
அக்கா

*

பம்பாய், மாதுங்கா
28-3-1971

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்குக் கந்தவேல் வணக்கத்துடன் எழுதுகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்துவிட்டது. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்க்கிறீர்களா?

கட்டுரையைப் பற்றி இவ்வளவு கோபம் வேண்டாம் அக்கா. எழுதியவர் விவரம் தெரிந்தவர்தான். பல புத்தகங்களைப் புரட்டி, துறைமுகம், விமான நிலையம், பாங்கு, ஜனத்தொகை எல்லாம் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். நம் ஊரை எப்படிச் சேர்ப்பது? கோயமுத்தூர் ரயிலே இரண்டு நிமிஷந்தான் நிற்கிறது. குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள். மீதி நாள் வண்டித் தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கிறோம். வெளியூரான் ஒருவன் வந்தால் தங்க ஒரு நல்ல ஓட்டல் உண்டா? இதையெல்லாம் யோசித்தால் எழுதியவர் மேல் தவறு இல்லை என்று தோன்றும்.

இனி ஒரு சந்தோஷ சமாசாரம். ஹாலந்து தேசத்தில் ரோட்டர்டாம் என்ற துறைமுக ஊரில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார் எங்கள் கம்பெனியிடம் ஐந்நூறு டஜன் வெள்ளைப் பனியன் கேட்டிருக்கிறார். அந்த ஆர்டரைத் தண்டாயுதபாணி முதலாளியிடமே கொடுக்கும்படி நான்தான் சிபாரிசு செய்தேன். தையல் முழுவதும் நம் வீட்டில்தான். கழுத்தில் தைக்க வேண்டிய லேபிள்களை இங்கிருந்து அனுப்புகிறேன். அதில் கம்பெனியின் பேரும், கீழே 'பம்பாய்' என்றும் இருக்கும். அப்படியே தைத்துவிடவும்.

தங்கள் அன்புத் தம்பி
கந்தவேல்

*

முருகன் துணை

திருப்பூர்
16-4-1971

தம்பி கந்தவேலுக்கு ஆசீர்வாதம். பழனிக்குப் போய் வந்தேன். திருநீறு இதனுள் மடித்து வைத்திருக்கிறேன். நல்ல கூட்டம். மலையேறி இறங்கினதில் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. அதற்கு வேப்பெண்ணெய் போதாது.

குடிதண்ணீர் இல்லாத ஊர் பெரிய ஊர் ஆகாது என்று உங்கள் ஆபீஸ் மேதாவி சொல்கிறாரா? வாத்தியாரிடம் கேட்டேன். பட்டியலில் ஐந்தாவதாக இருக்கிற குவைத்தில் ஆறும் இல்லை, குளமும் இல்லையாம். கடல் தண்ணீரைக் காய்ச்சி ஆவி பிடித்துக் குடிக்கிறார்களாம்! அவன் கடலைக் காய்ச்சினால் கெட்டிக்காரன். நான் வண்டிக்காரனிடம் வாங்கிக் குடித்தால் பட்டிக்காட்டுக்காரி. என்ன நியாயம் இது? இரண்டு நிமிஷம் நிற்கிற அதே ரயிலில்தான் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் பனியன் மூட்டை ஏறுகிறது. ஒரு மூட்டையாவது இங்கேயே நின்று போனதுண்டா?

லேபிள் கட்டும் வந்தது. பிரித்துப் பார்த்தேன். பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தைக்க மாட்டேன். துணி இந்த ஊரில் பின்னினது. வெளுத்தது இந்த ஊர்த் தண்ணீரில். வெட்டினது இந்த ஊர்க் கத்திரி. தைக்கிறது பெரியாத்தாளும் காளியாத்தாளும். இதில் பம்பாய் எங்கே வந்தது? உன் கம்பெனி செய்கிறது மூட்டையைக் கப்பலில் ஏற்றுவது ஒன்றுதானே? தூக்கிக்கொண்டு போனவன் பேரைப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் எங்காவது உண்டா?

தண்டாயுதபாணி முதலாளியிடம் சொன்னேன். "ஏனுங்க்கா, பேரு எதுன்னா நமக்கென்னங்க? சரக்குப் போனாச் சரிதானுங்களே" என்கிறார். அவருக்குச் சரிதான். எனக்குச் சரியில்லை. லேபிளில் திருப்பூர் என்று ஊர்ப் பேர் போட்டு அனுப்பச் சொல். தைத்துத் தருகிறேன்.

அக்கா

*

பம்பாய்
25-4-1971

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். திருநீறு கிடைத்தது. தினமும் பூசிக்கொண்டுதான் ஆபீசுக்குப் போகிறேன்.

அக்கா, ஒரு விரல் அகலத் துணி அது. அதற்காகச் சரக்கையே நிறுத்தலாமா? வெளிநாட்டில் பம்பாய் என்றால் தெரியும். திருப்பூர் என்றால் வரைபடத்தில் தேடுவார்கள், கிடைக்காது, சரக்கைத் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் மானேஜர் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். இந்தச் சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் ஏற்றுமதிப் பிரிவுக்கு என்னைத் தலைவனாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். நின்றால் சிபாரிசு செய்த என் கதி என்ன என்று தாங்களே யோசிக்கவும்.

அம்மா போன பிறகு நான் கேட்டு நீங்கள் இல்லை என்று சொன்னதில்லை. இதையும் எனக்காகச் செய்யுங்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கந்தவேல்

*

முருகன் துணை

திருப்பூர்
9-6-1971

தம்பிக்கு அக்கா எழுதுவது. சௌக்கியம்.

ஐந்நூறு டஜனும் தைத்து முடித்து நேற்று ரயிலேறிவிட்டது. உன் லேபிளும் கழுத்தில் ஏறிவிட்டது. அம்மாவை இழுத்தாய் அல்லவா, அதற்காகத்தான். இனிமேல் அம்மாவை இந்த மாதிரிக் காரியத்துக்குக் கூப்பிடாதே. அவள் இருந்திருந்தால் லேபிளை அடுப்பில் போட்டிருப்பாள்.

ஒரு சங்கதி. நம் பின்கட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஒவ்வொருத்தியும் தான் தைத்த பனியனின் கீழ்மடிப்புக்கு உள்ளே, இடது ஓரத்தில், தன் கலர் நூலில் சின்னதாக ஒரு முடிச்சுப் போடுவாள். செக்கிங்கில் தையல் கோணலாக இருந்தால் யார் தைத்தது என்று நான் கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காக. சிவப்பு பெரியாத்தாள், பச்சை காளியாத்தாள், இப்படி ஏழு பேருக்கு ஏழு கலர். பெட்டி கட்டும் முன்னால் உட்கார்ந்து எல்லா முடிச்சையும் வெட்டி எடுத்துவிடுவோம். இந்தத் தடவை எடுக்கவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்.

மழை பிடித்துவிட்டதா அங்கே? காதுக்குத் துண்டு கட்டிக்கொண்டு வெளியே போ.

அக்கா

*

பம்பாய்
4-11-1971

அன்புள்ள அக்காவுக்கு. தீபாவளிக்கு வர முடியாமல் போனதற்கு மன்னிக்கவும். புதிய பதவியில் மூச்சுவிட நேரமில்லை. அதிரசம் வந்தது. பாதி உடைந்திருந்தாலும் ருசி உடையவில்லை.

சூயஸ் கால்வாய் மூடிக் கிடப்பதால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்ச் செப்டம்பரில்தான் சேர்ந்தது. ரோட்டர்டாம் அம்மையாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவர் கடையில் பனியன்கள் விற்றுப் போய்விட்டனவாம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வாங்கிப் போட்டு, துவைத்து, மறுபடி வந்து, மடிப்பைத் திருப்பிப் பார்த்து, "சிவப்பு முடிச்சு உள்ளதுதான் வேண்டும்" என்று கேட்கிறார்களாம். எத்தனை தரம் துவைத்தாலும் அக்குளில் தையல் விடவில்லையாம். மற்றக் கலரும் மோசமில்லை, ஆனால் சிவப்புக்கு ஈடில்லை என்கிறார். "இந்த முடிச்சு என்ன? இதைப் போடுவது யார்?" என்று விசாரித்திருக்கிறார். மானேஜரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

முடிச்சுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். இந்த விஷயத்தை வெளியில் யாரிடமும் பேச வேண்டாம்.

கந்தவேல்

*

முருகன் துணை

திருப்பூர்
12-11-1971

கண்ணு கந்தவேலு, நூறு வருஷம் இரு. உன் கடிதம் தமிழ்தானே, வாத்தியார் தேவையில்லாமல் நானே பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். யாரிடமும் சொல்லாதே என்கிறாயே, சொல்லாமல் இருப்பேனா?

பெரியாத்தாள் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "அவுங்க தொவச்சுப் பாத்தாங்களாமா?" என்று மட்டும் கேட்டாள். "தொவச்சுப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க" என்றேன். "அக்குள்ல ரெண்டு ஓட்டுத் தையலு ஓட்டுவேனுங்க்கா. நீங்ககூட நூலு வீணாப் போவுதுன்னு வஞ்சீங்க" என்றாள். வைதேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அன்று மத்தியானம் எல்லாருக்கும் சேமியாப் பாயசம் வைத்தேன். காளியாத்தாளுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. இப்போது அவளும் இரண்டு ஓட்டு ஓட்டுகிறாள்.

விவரம் கேட்டாயே, எழுதிக்கொள். பெரியாத்தாள், வயது நாற்பத்தெட்டு, பிறந்தது கணியூர்ப் பக்கம், மிஷினில் உட்கார்ந்து பதினேழு வருஷம். ஊர் திருப்பூர். இதை அப்படியே அந்த அம்மாவுக்கு எழுது. வேறு ஒன்றும் அலங்காரம் வேண்டாம்.

நீ அவளுக்கு என்ன பதில் எழுதினாய் என்று எனக்கு உடனே தெரிய வேண்டும்.

அக்கா

*

முருகன் துணை

திருப்பூர்
17-1-1972

கந்தவேலுக்கு.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. யுத்தம் நடந்தது, பம்பாயில் விளக்கை அணைத்து வைத்தார்கள், தபால் தாமதம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். குண்டு விழுந்துவிடுமோ என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். யுத்தம் முடிந்தும் மாதம் ஒன்று ஆயிற்று.

நேற்றுத் தண்டாயுதபாணி முதலாளி பம்பாயிலிருந்து வந்தார். உங்கள் மாத மலரைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல சமாசாரம் என்று நினைத்துத்தான் கொடுத்தார், பாவம். வாத்தியார் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, இதுக்கு மேல படிக்கோணுமா?" என்று கேட்டார். படியுங்கள் என்றேன்.

"பம்பாயின் அதிர்ஷ்ட முடிச்சு" என்று தலைப்பு. பம்பாய்க் கடலோரத்து மீனவப் பெண்கள், கடலுக்குப் போகிற புருஷன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவன் துணியில் தலைமுறை தலைமுறையாகப் போடுகிற முடிச்சாம் அது! சிவப்பு நூல் கடலம்மாவுக்கு ஆகுமாம்! உலகம் பேசப் போகிற பன்னிரண்டு நகரங்களில் பம்பாயும் ஒன்று என்று நாம் முன்பே எழுதினோம், இதோ ருசு என்று கடைசி வரி.

அட, வெட்கங்கெட்டவர்களா! பெரியாத்தாள் கடலைக் கண்ணாலேயே பார்த்ததில்லையடா. நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்தாலே எட்ட நின்று கும்பிடுகிறவள். அவள் புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. யாரும் எந்தக் கடலிலிருந்தும் திரும்ப வேண்டியதில்லை. கோணல் தையலைக் கண்டுபிடிக்கப் போட்ட முடிச்சு அது. தப்புச் செய்தால் இது என் தப்பு என்று ஒத்துக்கொள்வதற்கு ஒருத்தி தானாகப் போட்டுக்கொண்ட முடிச்சு. அந்த நாணயத்தை எடுத்து அதிர்ஷ்டம், மாயம், மந்திரம் என்று விற்கிறார்களே, இவர்கள் வாய் வெந்து போகாதா?

பெரியாத்தாள் எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப நாந் தெச்சதுன்னு அவுங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். அவளுக்குப் பதிலை நீயே சொல்.

பன்னிரண்டு ஊர்ப் பட்டியல் எழுதினவனும் இதை எழுதினவனும் ஒரே ஆள்தான். வாத்தியார் பாணியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவன் கையை ஒடிக்கணும் என்று அப்போது ஒரு கையைத்தான் சொன்னேன். இப்போது இரண்டு கையும். அவன் யார்? பேரை எழுது. நானே அவனுக்குக் கடுதாசி போடுகிறேன்.

கமலாம்பாள்

*

பம்பாய்
8-2-1972

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எனக்கு உடம்பு சுகம். தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பதில் எழுதத் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

தங்கள் கடிதத்தில் கேட்டிருந்ததைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது அவசரமாக ஒன்று. ரோட்டர்டாம் அம்மையார் மார்ச் மாதம் பம்பாய் வருகிறார். அதிர்ஷ்ட முடிச்சுப் போடும் பெண்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். பார்த்துத் திருப்தியானால் வருஷம் முழுவதற்கும் சரக்கு எடுப்பார். மானேஜர் கடலோரமாக ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மிஷின்கள் போடச் சொல்லியிருக்கிறார். பெரியாத்தாளையும் இன்னும் ஐந்து பேரையும் ஒரு வாரம் இங்கே அனுப்பி வைக்க முடியுமா? ரயில் செலவு கம்பெனியுடையது. இங்கத்திய பெண்களைப் போலச் சேலை கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தால் போதும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நிலைமை அப்படி.

கந்தவேல்

*

முருகன் துணை

திருப்பூர்
15-2-1972

கந்தவேலுக்கு.

இந்தக் கடுதாசியைப் பெண்களுக்குப் படித்துக் காட்டவில்லை. உன் மேல் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு பாக்கி இருக்கிறது. பெரியாத்தாள் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவள். அவளை வேறு ஊர்க்காரியாக வேஷம் கட்டி, வாயைக் கட்டி, உட்கார வைக்கச் சொல்கிறாய். கேட்கும்போது உன் பேனா நிற்கவில்லையா?

யாரும் வர மாட்டோம். ஒருத்திகூட வர மாட்டாள். பார்க்க வேண்டும் என்றால் அந்த அம்மா இங்கே வரட்டும். ரயில் இரண்டு நிமிஷம் நிற்கிறது, இறங்குவதற்கு அது தாராளம். ஓட்டல் இல்லாவிட்டால் என் ஊட்டில் தங்கட்டும். வண்டித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கிறேன். சிங்கப்பூரும் டொராண்டோவும் பிறக்கும்போதே பெரிய ஊராகவா பிறந்தன? எவனோ அங்கேயும் பொழுதன்றைக்கும் குனிந்து வேலை செய்திருப்பான். அவன் தம்பி யாராவது என் ஊர் இதுதான் என்று நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்லியிருப்பான். எங்களுக்குக் குனிகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்கிறவன்தான் இல்லை.

வரும்போது அந்த எழுத்தாளனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் பேரைக் கேட்டேன், நீ பதிலே எழுதவில்லை.

இந்தக் கடுதாசியில் உன் உடம்பைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. தெரிந்துகொள்.

கமலாம்பாள்

*

பம்பாய்
21-3-1972

அக்காவின் பாதங்களுக்குக் கந்தவேல் வணங்கி எழுதுவது. தாங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன். இருமல் திரும்ப வந்திருக்கிறது.

அந்த எழுத்தாளன் நான்தான் அக்கா. பன்னிரண்டு ஊர்ப் பட்டியலும் நான் எழுதியதுதான். முதன்முதலாக அச்சில் வந்தது, நீங்கள் பாராட்டுவீர்கள் என்று ஆசைப்பட்டு அனுப்பினேன். கையை ஒடிக்கணும் என்று எழுதினீர்கள். அப்புறம் எப்படிச் சொல்வது? அதிர்ஷ்ட முடிச்சையும் நான்தான் எழுதினேன். மானேஜர் சொல்லி எழுதினேன் என்று சொல்லலாம். ஆனால் மீனவப் பெண், கடலம்மா எல்லாம் என் கற்பனை. இங்கே வந்த நாளிலிருந்து எந்த ஊர் என்று கேட்டால் மெட்ராஸ் என்றே சொல்லிவந்தேன். திருப்பூர் என்றால் அது எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டே எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன புதன்கிழமை அந்த அம்மையார் வந்தார். அறுபது வயது இருக்கும், நல்ல உயரம், கடையில் தானே பெட்டி தூக்குகிறவர். மானேஜர் ஏதோ மில்லிலிருந்து ஆறு பெண்களைப் பிடித்துவந்து கொட்டகையில் உட்கார வைத்திருந்தார். எல்லார் கையிலும் சிவப்பு நூல். அந்த அம்மா பையிலிருந்து பழைய பனியன் ஒன்றை எடுத்தார். துவைத்துத் துவைத்து மெலிந்து போனது. லேபிள் எழுத்து அழிந்துவிட்டது. கீழ்மடிப்பில் சிவப்பு முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு பெண்ணிடம் புதுப் பனியனைக் கொடுத்து, "உன் முடிச்சைப் போடு" என்றார். அவள் கழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி பெரிதாகப் போட்டாள். அடுத்தவள் பனியனின் கை ஓரத்தில் போட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. பழைய பனியனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதைத் தைத்தவள் இங்கே இல்லை, அப்படித்தானே?" என்றார்.

மானேஜர் என் காலை மிதித்தார். மிதிபட்ட கால் இன்னும் வலிக்கிறது. "அவள் பேர் பெரியாத்தாள். ஊர் திருப்பூர். எனக்கும் அதுதான் ஊர்" என்றேன். அது எங்கே இருக்கிறது என்று அவரும் கேட்டார் அக்கா. கூச்சமாக இல்லை. குறிப்புப் புத்தகத்தை நீட்டினார். தமிழ்நாட்டைப் படம் போட்டு, கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு புள்ளி வைத்துக் காட்டினேன்.

மறுநாளே எனக்கு வேலை போய்விட்டது. அந்த அம்மா கொழும்புக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து ஏப்ரல் பத்தாம் தேதி திருப்பூருக்கு வருகிறார். பேச்சை மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். வேண்டாம் என்றால் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று தெரியாமல்தான் கேட்கிறேன். பெரியாத்தாளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கந்தவேல்

*

முருகன் துணை

திருப்பூர்
27-3-1972

கந்தவேலுக்கு அக்கா எழுதுவது.

தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். என் கோபம் பத்து வார்த்தைக்குள் அடங்காது என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு வருஷமாக நான் சபித்துக்கொண்டிருந்தது உன் கையையா? படுபாவி, முதல் கடுதாசியிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அந்தக் கையைப் பிடித்து மணலில் எழுத்துப் பழக்கினவள் நான். எழுதத் தெரிந்ததும் முதல் வேலையாகப் பிறந்த ஊரை அழித்துவிட்டாய். நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மெட்ராஸ்காரராமே மெட்ராஸ்காரர்! வந்தால் உனக்கு முதலில் சோறு கிடையாது, வசவுதான்.

பெரியாத்தாளிடம் சொன்னேன். வேலை போனதையும் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தன பேரு நடுவுல தம்பி எம் பேரச் சொன்னாருங்களா?" என்றாள். சொன்னான் என்றேன். அப்புறம் மிஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உனக்குச் சட்டைக்கு உள்ளே போட இரண்டு பனியன் தைத்து வைத்திருக்கிறாள். கீழ்மடிப்பில் சிவப்பு முடிச்சு இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

தண்டாயுதபாணி முதலாளி ஓடி வந்தார். வெள்ளைக்காரம்மா நேராக இங்கேயே வருகிறார் என்று தெரிந்ததும் அவருக்கும் ஊர்ப் பேர் ஞாபகம் வந்துவிட்டது. புது லேபிளுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி நாடா வாங்கிக் கொடுத்துவிட்டார். அச்சுக்கூடத்தில் மாதிரி எழுதிக் கொடுத்தால் அடித்துத் தருகிறார்களாம். இங்கிலீஷில் திருப்பூர் என்று அழகாக எழுத ஆள் வேண்டும். வாத்தியாருக்குக் கை நடுங்குகிறது.

ஏப்ரல் ஐந்தாம் தேதிக்குள் வந்து சேர். இருமலுக்குச் சுக்கு இடித்து வைத்திருக்கிறேன். முதலில் உட்கார்ந்து அந்தப் பேரை எழுது. கையை ஒடிப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

அக்கா
கமலாம்பாள்